பதில் ஹாரன்

செப்டம்பர் 8, ஞாயிறு

நீண்ட யோசனைக்குப் பிறகு, இன்று காலை சிற்றுண்டிக்கும் இரண்டாவது காப்பிக்கும் நடுவே, இனி என் காரின் ஹாரனை நானே கழற்றி நானே மாட்டுவது என்று முடிவெடுத்தேன். இப்படிப்பட்ட முடிவுகளின் தேதியைப் பிற்காலத்தில் யாராவது தேடக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன். மனைவி வசந்தாமணியிடம் முறைப்படி தெரிவித்தேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

காரணம் வலுவானது. என் வெள்ளை மாருதிக்கு இருபத்தைந்து வயது. சில மாதங்களாக அதன் ஹாரன் முனகுகிறது. பட்டறைக்கு மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும் பட்டறைக்காரர் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது சார், ஏரி வரைக்கும் கேக்கும்" என்றார். பழுதைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் பழுதே இல்லை என்று அறிவிப்பது அரசாங்கங்களின் வழக்கம். அது பட்டறை வரை இறங்கிவிட்டது.

சாதாரண நாளில் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மகள் தாரணிக்கு டிசம்பர் இரண்டாம் வாரம் பிரசவம். ஓசூரில் இருக்கும் சம்பந்தி வீட்டார், அங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தலைப்பிரசவம் பெண் வீட்டில்தான் என்று நான் சொன்னேன். "ஏற்காட்ல இருந்து சேலம் எறங்கறதுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்களே சம்பந்தி" என்றார் அவர். "வண்டி இருக்கிறது, நான் இருக்கிறேன்" என்றேன்.

சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் சந்தேகப்பட முடியும். ஆகவே வண்டியைச் சரிபார்க்கத் தொடங்குகிறேன்.

செப்டம்பர் 14, சனி

சேலத்திலிருந்து லாரி ஹாரன் ஒரு ஜோடி வாங்கிவந்தேன். "எந்த லாரிக்குங்க?" என்றார் கடைக்காரர். மாருதிக்கு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். மாட்டுவதற்கு மதியம் முழுவதும் ஆயிற்று. முன் கிரில்லில் இடம் இல்லாததால் ஒன்று சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் சோதித்தேன். தெளிவான, ஆண்மையுள்ள ஒலி. ஒருவழியாக ஒரு ஹாரன் ஹாரனைப் போல இருக்கிறது.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அந்தோணிசாமி வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். இந்த ஊரில் இன்னும் திருத்தமாகப் பேசத் தெரிந்த ஒரே மனிதர்.

"அர்த்தநாரி சார், பூசையில எழுந்தேற்ற நேரம், ஃபாதர் அப்பத்தத் தூக்கிக் காட்டுறார். அத்தனை பேரும் முழங்கால்ல நிக்கிறோம். உங்க ஹாரன் அடிச்சுது பாருங்க, நாலஞ்சு பேரு உலகம் முடிஞ்சுதுன்னே நெனச்சுட்டாங்க."

"ஆலயம் இங்கிருந்து வெகு தூரம் ஆயிற்றே."

"அதான் சார் சொல்றேன்."

ஃபாதர் வருத்தப்பட்டாரா என்று கேட்டேன். "வருத்தமெல்லாம் இல்ல. அடுத்த வாரம் கூட்டம் அதிகமா இருக்கும்னு சொன்னார்" என்றார்.

செப்டம்பர் 19, வியாழன்

ஓசூரில் வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. தாரணியை எங்கள் காரிலேயே அழைத்துவந்தோம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கேட்கட்டும் என்றுதான் போடுகிறார்கள். ஆனால் இப்போதைய வளையல்களில் சத்தமே இல்லை. அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், ஒரு கிணுகிணுப்பும் வரவில்லை. கண்ணாடியிலும் கலப்படம் வந்துவிட்டது. குழந்தை எதைக் கேட்கும்?

தாரணி பின் இருக்கையிலிருந்து என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தத் தலைமுறைக்கு உதட்டை அசைத்தால் போதும், பேசியதாகக் கணக்கு. "வாயைத் திறந்து பேசு கண்ணு" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

மலைப்பாதை நாகரிகத்தைப் பற்றி ஒரு குறிப்பு.

நான் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் ஒழுங்கு இருந்தது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் நின்று ஹாரன் அடிக்க வேண்டும். எதிரே வண்டி இருந்தால் அவர் பதில் ஹாரன் அடிப்பார். பதில் வந்தால் காத்திருக்க வேண்டும், வராவிட்டால் திரும்ப வேண்டும். இரண்டு முன்பின் தெரியாத மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், உயிரை ஒப்படைத்துக்கொள்ளும் ஏற்பாடு. நாடாளுமன்றத்தில்கூட இவ்வளவு நம்பிக்கை கிடையாது.

நேற்று இருபது வளைவிலும் முறையாக அடித்தேன். ஒருவரும் பதில் அடிக்கவில்லை. ஆனால் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எதையோ சொல்லிவிட்டுப் போனார்கள். உதட்டசைவைப் பார்த்தால் வாழ்த்து போல் தெரியவில்லை.

பதில் தராத சமூகம் எங்கே போய் நிற்கும் என்று கவலையாக இருக்கிறது. அதைவிட, டிசம்பரில் எப்படி இறங்குவது என்று கவலையாக இருக்கிறது.

அக்டோபர் 2, புதன்

நல்ல மழை. சுவர்க்கோழிகள் இந்த முறை கத்தவில்லை. பருவநிலை மாறிவிட்டதாக நாளிதழில் எழுதுவது உண்மைதான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. வண்டியைக் கழுவி, ஏர் ஃபில்டரைத் தட்டி, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, பிளக்குகளைத் துடைத்தேன். வண்டியோடு வந்த கையேட்டையும் பூசையில் வைத்தேன். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முப்பது ஆண்டு கிளை நூலகராக இருந்தவனுக்கு, படிக்கப்படாத புத்தகம் என்றால் மனசு கேட்காது. நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் காத்ததில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகுதான் ஊர் அடங்கியிருக்கிறது.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஏரியைச் சுற்றி ஒரு நடை போய்வந்தோம். இறங்கியதும் மனைவி மணி முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, பிரேக் புடிக்கறப்பெல்லாம் கீச்சுனு கத்துதுங்க."

"எது?"

"முன்னாடி சக்கரம். உங்களுக்குக் கேக்கலீங்களா?"

திரும்பவும் தனியாக ஒரு சுற்று போனேன். ஜன்னலைத் திறந்துவைத்தும் மூடியும் பிடித்துப் பார்த்தேன். வண்டி பூனை மாதிரி ஓடியது. வரப்போகும் பிரசவத்தை நினைத்துப் பெண்களுக்கு இல்லாத சத்தங்கள் கேட்பது இயற்கைதான். அவள் மனநிம்மதிக்காகக் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன்.

அக்டோபர் 16, புதன்

சேலத்தில் மாதப் பரிசோதனை. டாக்டர் அம்மாள் முகக்கவசத்துக்குள்ளேயே பேசினார். தொற்றுநோய் போய்விட்டது, துணிக்குள் பேசும் பழக்கம் போகவில்லை. மணி பிறகு விளக்கினாள்: தாரணிக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. வலி வந்தாலோ தலை சுற்றினாலோ மேலே எங்கும் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே கீழே கொண்டுவர வேண்டும். தாமதம் ஆகவே கூடாது.

"தாமதம் ஆகவே கூடாது" என்பதை மணி என் முகத்தைப் பார்த்து இரண்டு முறை சொன்னாள்.

திரும்பும்போது பதினொன்றாவது வளைவில் ஹாரன் அடித்து, காத்திருந்து, பதில் இல்லாததால் திரும்பினேன். ஒரு ஸ்கூட்டர் நேராக வந்தது. அவன் மண்ணில் சறுக்கி நின்றான், நான் பாறையோரம் நின்றேன். யாருக்கும் அடியில்லை. அவன் வந்து ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினான்.

"ஹாரன் அடிச்சுக்கிட்டேதானே வர்றேன்! காது கேக்கலையா பெருசு? புள்ளத்தாச்சிய வேற வெச்சிருக்க!"

தான் ஹாரன் அடித்ததாக அவன் சொல்கிறான். சாட்சி கிடையாது. மணியைப் பார்த்தேன். அவள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

வீடு வந்து வெகுநேரம் என் கை நடுங்கியது. ஸ்டீயரிங்கில் சிறிது தளர்ச்சி இருக்கலாம். பார்க்க வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

ஸ்டீயரிங் சரியாக இருக்கிறது. சக்கர நட்டுகளை மறுபடி முறுக்கினேன்.

மணி என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒருக்கா காதைக் காட்டிட்டு வந்தர்லாங்களா?"

"யாருடைய காதை?"

"எங்காதைத்தான். ரொம்ப நாளாக் காட்டோணும்னு இருக்கறன். தொணைக்கு வாங்க."

அவள் காதில் எந்தக் குறையும் இல்லை என்று உறுதி கூறினேன். அவள் எழுந்து உள்ளே போனாள். பாத்திரங்களைக் கழுவினாள். முன்பெல்லாம் கோபம் வந்தால் பாத்திரங்களைப் போட்டு உடைப்பது போலக் கழுவுவாள். வயதாக ஆகப் பொறுமை வந்துவிட்டது, சத்தமே இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் என்று அடிக்க வேண்டும். அடிப்பதில்லை. விளக்கு மட்டும் மினுங்குகிறது. அந்தச் சத்தத்தைத் தரும் சின்ன டப்பாவுக்கு ஃப்ளாஷர் என்று பெயர். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து மாற்றினேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 23, புதன்

புது ஃப்ளாஷரும் அடிக்கவில்லை. தயாரிப்பின் தரம்.

அக்டோபர் 26, சனி

மூன்றாவது ஃப்ளாஷர். கடைக்காரர் அதைத் தம் வண்டியிலேயே மாட்டிக் காட்டி, "அடிக்குதுங்களா சார்?" என்றார். பக்கத்தில் பஸ் நின்றிருந்ததால் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அவர் பஸ் போகும் வரை காத்திருந்தார். அதற்குள் எனக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு வந்திருந்த மாப்பிள்ளை இன்று ஓசூர் திரும்பினார். போகுமுன் தோட்டத்தில் மணியும் தாரணியும் அவரும் வெகுநேரம் நின்று பேசினார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. மாப்பிள்ளை என்னிடம், "மாமா, ஒண்ணாந்தேதிக்கெல்லாம் சேலத்துல சித்தி வீட்டுக்குப் போயிருங்க. அங்கிருந்து ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம்" என்றார். நல்ல யோசனைதான். இருந்தாலும் அதைச் சொல்ல அவர் ஏன் என் தோளைப் பிடித்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

மணியின் தங்கை வீடு அம்மாப்பேட்டையில். டிசம்பர் ஒன்று ஞாயிற்றுக்கிழமை இறங்குவதாக ஏற்பாடு.

நவம்பர் 10, ஞாயிறு

விசித்திரமான நாள்.

காலையில் கடைவீதிக்குப் போகும்போது தாரணியும் வந்தாள். தன் கைப்பேசியை டாஷ்போர்டின் மேல் நிறுத்தி வைத்தாள். இறக்கத்தில் இரண்டு மூன்று முறை பிரேக் பிடிக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினாள்.

"அப்பா, இதுதான் நம்ம வண்டியோட சத்தம். இது இன்ஜின். இங்க பாருங்க, நீங்க பிரேக்க மிதிச்ச எடம்."

தாழ்ந்த புல்வெளி போல ஒரு கோடு. அதன் நடுவே ஊசி மாதிரி ஒரு கோபுரம். பிறகு புல்வெளி. மறுபடி கோபுரம்.

"கேக்குதாப்பா?"

வாயும் வயிறுமாக இருக்கிறவளை வருத்தக் கூடாது. "கேட்கிறது" என்றேன். "கொஞ்சம் கீச்சென்றுதான் இருக்கிறது."

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நான் இன்னும் பிளே பண்ணவே இல்லப்பா."

கைப்பேசிகளைப் பற்றி எனக்குப் போதிய அறிவு கிடையாது. எழுந்து வண்டிக்குப் போனேன்.

நவம்பர் 11, திங்கள்

ஜாக்கி கொடுத்து முன் சக்கரங்களைக் கழற்றினேன். பிரேக் பேடு என்பது இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய அட்டை போன்ற பொருள். அட்டை தேய்ந்தால், இரும்பு நாக்கு ஒன்று சக்கரத்தோடு சுழலும் தட்டில் உரசிக் கீச்சிடும்படி வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவனுக்கு எச்சரிக்கை. கையேடு நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. நான்கு முறை படித்திருக்கிறேன்.

இடப்பக்கம் அட்டையே இல்லை. இரும்பும் இரும்பும். தட்டில் நகத்தால் கீறினாற்போல் வட்ட வட்டமாகக் கோடுகள்.

இந்த வண்டியில்தான் தாரணியைச் சேலத்துக்கு அழைத்துப்போய் அழைத்துவந்தேன்.

மணியிடம், எப்படியும் இந்த மாதம் பேடு மாற்ற வேண்டிய முறைதான் என்று சொன்னேன். அவள் "செரிங்க" என்றாள்.

நவம்பர் 13, புதன்

சேலத்திலிருந்து பஸ்ஸில் பேடும் தட்டும் வாங்கிவந்து நானே மாட்டினேன். மாட்டிய பிறகு பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஐம்பதாம் பக்கம். நான் நாற்பத்தொன்பதில் நிறுத்திவிட்டேன். வாசல் சரிவில் வண்டி தானாக இறங்க, பெடல் தரை வரை போயிற்று. கை பிரேக்கை இழுத்தேன். செம்பருத்தி வேலியில் போய் நின்றது.

அந்தோணிசாமி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உள்ள வரணும்னா கேட்டுப் பக்கமா வாங்க சார்" என்றார்.

பிறகு மிதித்து இறுக்கி, ஊரை நான்கு முறை சுற்றினேன். தாரணி கைப்பேசியை வைத்துப் பார்த்தாள். கோபுரங்கள் இல்லை. வெறும் புல்வெளி. "சூப்பர்ப்பா" என்றாள். ஆக, வண்டியில் இனி ஒரு குறையும் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று நேற்று எழுதியதைப் படித்தேன். அது நிம்மதி தரவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

நான்கு நாளாகப் பனிமூட்டம். வாசலில் நின்றால் கேட் தெரியவில்லை. கயிறு, டார்ச், ஃப்ளாஸ்க், போர்வை எல்லாம் டிக்கியில் தயார். ஒன்றாம் தேதிக்குள் மூட்டம் விலகிவிடும் என்று மணி சொல்கிறாள். விலகும். விலக வேண்டும். தினம் காலையும் மாலையும் வண்டியைக் கிளப்பி நிறுத்துகிறேன். கிளம்புகிறதா என்று கையை பானெட்டின் மேல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 27, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதினால் நேரம் நகரும் என்று தோன்றுகிறது.

காலை காப்பி நேரத்தில் தாரணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. மணி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வைத்தாள். பார்த்ததும் அதைத் திருப்பி வைத்துவிட்டாள், எனக்குக் காட்டவில்லை. அந்தோணிசாமி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வேறொரு கேஸோடு கீழே போயிருந்தது. "மூட்டத்துல ஏறி வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ல முடியலையாம் சார்" என்றார். அவருக்கு ஓட்டத் தெரியாது. டாக்ஸி ஸ்டாண்டில் இரண்டு பேரை எழுப்பியதில், இந்த மூட்டத்தில் வர மாட்டோம் என்றார்கள்.

வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது.

மணியைப் பின் இருக்கையில் மகளோடு உட்காரச் சொன்னேன். அதுதானே முறை. தாரணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி வந்து போகும் வரை பல்லைக் கடித்திருந்துவிட்டு, என் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள்:

"அம்மா முன்னாடி உக்காரட்டும்."

"நீ தனியாக..."

"நான் பாத்துக்கறேன்ப்பா. அம்மா, நீ முன்னாடி உக்காரு."

தலைப்பிரசவத்துக்குப் போகிறவள் பின் இருக்கையில் தனியாகப் படுத்தாள். மணி முன்னால் ஏறி ஜன்னலை முழுக்க இறக்கினாள். மூட்டம் உள்ளே வந்தது. மூடு, குளிரும் என்றேன். மூடவில்லை.

இருபதாவது வளைவுதான் மேலிருந்து முதலாவது. பானெட்டுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, வெள்ளை. நிறுத்தி ஹாரன் அடித்தேன். காத்திருந்தேன். பதில் இல்லை. முதல் கியரில் போட்டேன். அப்போது கியர்க்கம்பியின் மேலிருந்த என் இடது கைமேல் மணி தன் கையை வைத்து அழுத்தினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் வட்டம் வந்தது. பால் வேன். எங்கள் கண்ணாடியை ஒட்டி ஏறிப் போனது. மணி அழுத்தத்தை எடுத்தாள். கையை எடுக்கவில்லை.

அடுத்த வளைவில் அடித்தேன். அவள் அழுத்தவில்லை. இறங்கினேன். ஒருவரும் வரவில்லை.

அதற்கடுத்ததில் அழுத்தினாள். ஒரு கார் வந்தது.

இப்படியே இறங்கினோம். அவள் அழுத்திய இடத்திலெல்லாம் வண்டி வந்தது. அழுத்தாத இடத்தில் வரவில்லை. தகவலாகக் குறித்துக்கொள்கிறேன். அவள் முகம் முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணை மூடியிருந்தாள். கையேட்டில் இந்த முறை எந்தப் பக்கத்திலும் இல்லை.

பின்கண்ணாடியில் தாரணியின் கை தெரிந்தது. மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டிருந்தாள். வலி வரும்போதெல்லாம் முழங்கை வரை வளையல்கள் நடுங்கின. அத்தனை கண்ணாடி வளையலும் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். அது கண்ணாடிதான். கலப்படம் இல்லை.

எட்டாவது வளைவுக்குக் கீழே மூட்டம் விலகியது. சேலம் வெயிலில் கிடந்தது. மணி அப்போதும் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் கை பிரேக் போடுவதற்காக அவளே எடுத்தாள். அவள் விரல் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நர்ஸ் வெளியே வந்து ஏதோ சொன்னார். மணி எழுந்து உள்ளே ஓடினாள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்று எழுந்தேன், அதற்குள் கதவு மூடிவிட்டது.

இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் கடிகாரம் இருக்கிறது. அதுவும் அடிக்கவில்லை.

நவம்பர் 27, மாலை

பெண் குழந்தை. இருவரும் நலம். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நர்ஸ் சொன்னது, கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்பதுதானாம். மணி போட்டாள்.

குழந்தை வாயைத் திறந்து முகம் சிவக்க அழுதது. நல்ல அழுகை என்று எல்லோரும் சொன்னார்கள்.

நவம்பர் 29, வெள்ளி

இங்கே பிறந்த குழந்தைகள் எல்லாவற்றுக்கும் காது சோதிக்கிறார்கள். தூங்கும்போது காதில் சின்னக் குமிழை வைத்து, கணினியைப் பார்க்கிறார்கள். பேத்திக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. அந்தப் பெண் சீட்டைக் கொடுத்தாள். மணி வாங்கிக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

அதே அறையில் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருந்தது, உள்ளே பெரியவர்கள் உட்காரும் நாற்காலி.

"இவருக்கும் ஒருக்காப் பாத்தர்ரீங்களா?" என்றாள் மணி. என்னிடம் திரும்பி, "பேத்தி அழுவாம இருந்தா. அப்புச்சி நீங்க அழுவீங்களா?" என்றாள்.

உட்கார்ந்தேன். தலையில் எதையோ மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். ஒரு ஒழுங்கான இடைவெளி விட்டு அழுத்தினேன். அந்தப் பெண் கூண்டுக் கதவைத் திறந்து, "கேக்கும்போது மட்டும் அழுத்துங்க ஐயா" என்றாள்.

அதற்குப் பிறகு வெகுநேரம் அழுத்தவில்லை. கண்ணாடிக்கு வெளியே மணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவில் ஒரு வரைபடம் தந்தார்கள். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் மடமடவென்று இறங்கும் கோடு. சேலத்திலிருந்து பார்த்தால் நம் மலைப்பாதை அப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 7, சனி

காதுக்குப் பின்னால் வைக்கும் கருவி வந்திருக்கிறது. அவரைக்கொட்டை அளவு. மணியின் பிடிவாதத்துக்காகப் போட்டுக்கொள்கிறேன். அம்மாப்பேட்டை வீட்டில் எல்லோரும் மிகவும் சத்தமாகப் பேசுகிறார்கள். மணி பாத்திரம் கழுவும் ஓசை தாங்க முடியவில்லை. அவளுக்குப் பொறுமை வந்ததாக எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

லாரி ஹாரனைக் கழற்றிவிட்டு, டிக்கியில் கிடந்த பழையதையே மாட்டினேன். இண்டிகேட்டர் தானாகச் சரியாகிவிட்டது. கழற்றிப் போட்ட ஃப்ளாஷர்களைக் கடையில் கொடுத்துவிட்டேன்.

மதியம் தாரணியையும் குழந்தையையும் மேலே அழைத்துவந்தோம். மூட்டம் இருந்தது. மணி பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள்.